ஓடக்காரி எத்தனாவது பக்கம்

அம்முணி, பாட்டுக் கேக்கறதுக்குத் தலைல பெரிய வளையமா மாட்டியிருக்கறயே, அதக் கழட்டி மடில வெச்சுக்க சாமி. பஸ்ஸு உன்ற பக்கமா சாயுதாட்டம் இருக்குது. சிரிக்கறயா? சிரி, சிரி. சித்த சன்னலோரமா நகுந்துக்க. என்ற வலது காலு மடங்காது. உள்ள கம்பி வெச்சிருக்குது, நடுவுல நீட்டித்தான் வெக்கோணும். கண்டக்டரு ரெண்டு தடவ தாண்டிப் போயிட்டான். மூணாவது தடவ மிதிச்சான்னா என்ற டிக்கெட்ட அவனே எடுக்கோணும்னு சொல்லி வெச்சிருக்கறன்.

நான் குண்டடத்துல எறங்கிருவன். நீ தாராபுரமா? நல்லதாப் போச்சு. கோவில்வழி தாண்டறதுக்குள்ள எறங்கறவங்ககிட்ட நான் வாயத் தொறக்கறதே இல்ல. பாதில விட்டுட்டுப் போயிருவாங்க.

இத்தன சீட்டு காலியாக் கெடக்குது, இந்தப் பொம்பள ஏன் நம்ம பக்கத்துல வந்து காலை நீட்டறான்னு நெனச்சிருப்ப. உன்ற கையில இருக்கற புஸ்தகத்தப் பாத்துத்தான் வந்தன். நான் அஞ்சாவது வரைக்கும் போனவ. எழுத்துக் கூட்டிப் படிப்பன். பஸ்ஸு போர்டப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிரும், அவ்வளவுதான். ஆனா அந்த அட்டைய நான் தெருக்கோடில இருந்தே சொல்லீருவன். ஆயிரங்குடத்துக் காடு. எத்தனாவது பாகம்? மூணா? சரி, இப்ப எதையும் சொல்லாத. நான் பேசி முடிச்ச பொறவு உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும். அதுக்குத்தான் வந்தன்.

படம் பாத்தயா? பாத்துட்டயா. எப்பிடி இருந்துது? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. காலைல சாப்புட்ட இட்லி புளிச்சுப் போன மூஞ்சி. எனக்கும் அதே மூஞ்சிதான், ரெண்டு மாசமா.

எனக்கு எப்பிடி அந்தக் கதை தெரியும்னு கேக்க மாட்டேங்கற, மரியாதையான புள்ள. நானே சொல்றன். பனியன் கம்பெனில பிசிர் வெட்டற வேலை எனக்கு. தெச்சு வர்ற துணில அங்கங்க நூலு தொங்கும், அத வெட்டி விடோணும். மிசினு பக்கம் இல்ல, தனி ரூமு, கீழ ரவுண்டா உக்காந்துக்குவம். ஏழு பேரு. கைக்கு வேலை, கண்ணுக்குப் பாதி வேலை, காதும் வாயும் சும்மா. எங்கூடத் துளசிமணின்னு ஒருத்தி. பன்னண்டாவது படிச்சவ. அவ கத்திரியே எடுக்க மாட்டா. அவளோட துணிக்கட்ட நாங்க ஆறு பேரும் பிரிச்சு வெட்டிருவம், அவ எங்களுக்குப் படிச்சுக் காட்டோணும். அது எங்களுக்குள்ள பேச்சு. சூப்பரைசர் ரங்கராசுக்கும் தெரியும். மொதல்ல கத்துனான். அப்பறம் பாத்தா கதவுக்கு வெளிய நின்னு அவனும் கேக்கறான். ஒரு நாளைக்கு, ஏனுங் ரங்கராசு, உள்ள வந்து உக்காருங்க, ஒரு கத்திரியும் எடுத்துக்குங்கன்னன். ஒரு வாரம் அந்தப் பக்கமே வல்ல.

அப்பிடித்தான் அஞ்சு பாகமும் கேட்டம். நாலு வருசம். சாம்பல் மந்திரி ஊரு சனத்தோட கொரலையெல்லாம் புடிச்சுக் குடத்துல அடைச்சு, காட்டுக்குள்ள ஆயிரம் குடம் பொதைச்சு வெச்சிருக்கறான், ராசா இளநாகன் போயி ஒவ்வொண்ணா ஒடைக்கறான். உனக்குத் தெரியாததா. முத்தாயக்கா இருக்கறாளே, எங்கள்ல மூத்தவ, ஊட்டுல மருமக பேசாம இருந்தா, அவளோட கொரலக் குடத்துல போட்டுட்டாங்க, ஒடைச்சுராதீங்கன்னு சாமி கும்புடுவா.

ஆனா அம்முணி, இளநாகன் யாருக்கு வேணும். அழகாப் பேசுவான், அழுவான், குதிரை மேல இருப்பான். எங்களுக்கு அந்தக் கதைல உசுரு ஓடக்காரிதான்.

அந்த நெருப்பாறு வருதல்ல? அதத் தாண்டறதுக்குப் புத்துமண்ணுல செஞ்ச ஓடம். ஓட்டறவ ஒரு பொம்பள. பேரு கிடையாது, ஓடக்காரின்னுதான் துளசி படிப்பா. வாயின்னா வாயி, அப்பிடி ஒரு வாயி. ராசா வந்து ஏறறான், தலைல கிரீடம். அவ சொல்றா, அப்பா, அதக் கழட்டி மடில வெச்சுக்க, ஓடம் உன்ற பக்கமாச் சாயுது. ராசாகிட்டங்கறன். அவனும் கழட்டி வெச்சுக்கறான். அக்கரைல எறக்கி உட்டுட்டு, இப்ப மாட்டிக்க, இனி சாயாதுங்கறா. நாங்க ஏழு பேரும் சிரிச்ச சிரிப்புல ரங்கராசு ஓடி வந்துட்டான், யாருக்கோ கை வெட்டிப் போச்சுன்னு.

அவளுக்கும் ஒரு காலு ஆகாது. துடுப்ப ஊனிக்கிட்டுத்தான் நிப்பா. வருசமெல்லாம் ஆத்துல நிக்கறவளுக்குக் காலு என்னத்துக்கு ஆகும், சொல்லு.

ஏன் என்ற காலைப் பாக்கற? இது வேற. இது வேன்ல ஆனது. கம்பெனி வேன் ரெண்டு வருசத்துக்கு முன்ன கவுந்து போச்சு. காலைல வேலைக்குப் போறப்ப. நான்தான் எப்பவும் போல வேன்ல கூத்தடிச்சுட்டு வந்தன். மிசின்ல தெக்கற கோகிலான்னு ஒருத்தி பக்கத்துல. நான் சொன்னதுக்கு அவ சிரிக்கறா, எல்லாரும் சிரிக்கறாங்க, டிரைவர் திரும்பிப் பாத்துச் சிரிச்சான். அவ்வளவுதான். எனக்குக் காலு, கோகிலாவுக்கு உசுரு.

அத விடு.

மூணு மாசம் படுக்கைல இருந்தன். அதுல நாப்பது நாளு நான் பேசல. ஆமா, நான்தான். நம்ப மாட்ட. டாக்டரு தொண்டைல டார்ச்சு அடிச்சுப் பாத்தாரு, ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. என்ற ஊட்டுக்காரரு மொத நாலு நாளு சந்தோசமா இருந்தாரு, அஞ்சாம் நாளு கோயிலுக்கு நேந்துக்கிட்டாரு. எனக்குப் பேச வல்ல. வாயத் தொறந்தா அந்த டிரைவரு திரும்பறதுதான் வருது.

ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம துளசி வருவா. ஏன் பேச மாட்டேங்கறன்னு ஒரு நாளும் அவ கேக்கல. நாலாம் பாகத்த மடில விரிச்சு வெச்சு அவ பாட்டுக்குப் படிப்பா. அப்பத்தான் ஓடக்காரி கதைக்குள்ள வர்றா. மொத மொத. அதுக்கு முன்ன மூணு பாகத்துல அவ இல்ல. நாலாவதுலதான்.

அவ வர்றப்ப அவளும் பேச்ச நிறுத்தீருந்தா அம்முணி. அவ ஓட்டுன ஓடம் ஒண்ணு கவுந்து ஒரு புள்ள போயிருச்சு. சாம்பல் மந்திரி குடத்தோட வர்றான். இந்த வாயி இனி உனக்கு எதுக்கு, உன்ற வாயாலதான் ஓடம் கவுந்துது, குடுத்துருங்கறான். அவ குடத்தக் கையில வாங்கி, வாயி வெக்கப் போறா. அங்கயே நிறுத்திட்டு அந்த வாரம் துளசி போயிட்டா. ஒரு வாரம் நான் தூங்கல. குடுத்துருவாளான்னு.

அடுத்த ஞாயிறு வந்தா. படிக்கறா. ஓடக்காரி குடத்துக்குள்ள பாத்துச் சொல்றாளாம், ஓடம் பாறைல முட்டிச் சாஞ்சுது, என்ற வாயி பாறை இல்ல. சொன்ன ஒடனே குடம் வெடிச்சுப் போச்சு. ஒரு கொரலுக்குச் செஞ்ச குடம், அவ கொரலு அதுக்குள்ள கொள்ளல. மந்திரி ஓடறான். அப்பறம் ராசா வந்து நிக்கறான், அக்கரைக்குப் போகோணும்னு. அவ ஏத்திக்கறா. அங்க நான் கேட்டன், "ஓசிலயா ஏத்துனா?"

நாப்பது நாளைக்கு அப்பறம் அதுதான் என்ற மொதப் பேச்சு.

துளசி புஸ்தகத்துலயே மூஞ்சிய வெச்சு அழறா. அழுதுட்டு மூக்கத் தொடச்சுட்டு, இல்ல மயிலா, அடுத்த வரில கேக்கறா பாரு, மோதரத்தக் கழட்டி வாங்கறான்னு படிச்சா. அதான, ஓடக்காரியாவது ஓசில ஏத்தறதாவது. கிரீடத்தக் கழட்டச் சொன்னதெல்லாம் அப்பறம், நான் வேலைக்குத் திரும்புன பொறவு.

இப்பப் புரியுதா, எனக்கு அவ எப்பிடிப்பட்டவன்னு. அவளத்தான் வெட்டித் தூக்கி எறிஞ்சிருக்கறானுங்க.

படம் வர்றதுக்கு மூணு வாரத்துக்கு முன்னமே எனக்குச் சந்தேகம். எங்க கம்பெனிக்கே ஆர்டர் வந்துது பாத்துக்க, அந்தப் படத்து டீசர்ட்டு. ரசிகருங்க போட்டுக்கிட்டுப் போறதுக்கு. நெஞ்சுல எல்லாரும் வரிசையா நிக்கறாங்க. இளநாகன், மந்திரி, அந்தப் பேசற கழுகு, குதிரை. குதிரைக்கெல்லாம் எடம் இருக்குது. ஓடக்காரியக் காணோம். முதுகுல இருப்பாளோன்னு திருப்பிப் பாத்தன். கை மடிப்புல பாத்தன். அடுத்த கட்டுல வருவா, அடுத்த கட்டுல வருவான்னு ஒவ்வொண்ணாத் திருப்பித் திருப்பிப் பாக்கறன், ரங்கராசு கேக்கறான், மயிலாத்தாக்கா, பிசிரு வெட்டறீங்களா, பேனு பாக்கறீங்களா? துளசிகிட்டக் கேட்டன். படத்துல பெருசா வெச்சிருப்பாங்க, அதான் சட்டைல காட்டலன்னா. என்ற மூஞ்சியப் பாக்காமச் சொன்னா. அப்பவே எனக்கு ஒறைச்சிருக்கோணும்.

சரின்னு நானே ஒரு வேலை பண்ணுனன். கழிச்சுப் போட்ட பீஸ் ஒண்ணு கேட்டு வாங்கி, மார்க்கர் பேனாவுல குதிரைக்குப் பக்கத்துல ஓடக்காரிய வரைஞ்சன். துடுப்பு நல்லா வந்துது. மூஞ்சிதான் தேங்காயாட்டம் வந்துருச்சு. அதச் சேலை மேல போட்டுக்கிட்டுத்தான் படத்துக்குப் போனன். மொத நாளு, மொத காட்சி. ஏழு பேரும் லீவு போட்டுட்டு.

தியேட்டரு பூராக் காலேசுப் புள்ளைங்க. கையில மண்குடம் வெச்சுட்டு நிக்கறானுங்க, ஒடைக்கறதுக்கு. எல்லாரு மேலயும் எங்க சட்டை. நாங்க வெட்டுன பிசிரு. ஒருத்தன் தோள்ல ஒரு நூலு தொங்குச்சு, வரிசைல நிக்கறப்பவே கடிச்சு எடுத்துட்டன். அவன் பயந்துட்டான்.

படம் ஓடுது. ஆறு வருது. நெருப்பு என்னமோ நல்லாத்தான் இருந்துது, பொய் சொல்லக் கூடாது. இளநாகன் கரைல நிக்கறான். நான் முத்தாயக்கா கையப் புடிச்சுக்கிட்டன், இப்ப வருவா பாருன்னு. வர்றது யாரு? கழுகு. கழுகு மேல ஏறி உக்காந்து பறந்து போறான். நான் எந்திரிச்சு நின்னுட்டன். "ஓடம் எங்கடா?"

தியேட்டரே சிரிக்குது. நான் மறுக்காவும் கேட்டன், ஓடம் எங்கடான்னு. பின்னால ஒருத்தன், அக்கா ஓடம் பார்க்கிங்ல இருக்குதுங்கறான். நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பன், அது நல்ல பதிலு. ஆனா அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வல்ல.

இடைவேளைல வெளிய வந்தா எல்லாப் புள்ளைங்களுக்கும் கடுப்பு. இளநாகன் முடி சுருட்டையாமா, படத்துல நேரா இருக்குதாமா. ரெண்டாம் பாகத்தையே காணோமாமா. ஒரு புள்ள அழறா, கழுகு கொரலு ஆம்பளக் கொரலா இருக்குதுன்னு. எனக்கு நம்ம சனமாட்டம் ஆயிருச்சு. நானும் உள்ள பூந்து, ஆமாங்கண்ணு, ஓடக்காரியையே வெட்டிட்டாங்க, இவனுங்க நல்லா இருப்பானுங்களான்னன். கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன், எந்த ஓடக்காரிங்க அக்காங்கறான். அவன் அஞ்சு பாகத்தையும் பதினோரு தடவ படிச்சவனாமா. ஓடக்காரின்னு யாருமே கிடையாதுங்க, புஸ்தகத்துலயும் கழுகுதான்னு சொல்றான்.

நான் விட்டனா. நீ பதினோரு தடவ படிச்சு என்ன சாமி பண்றது, பக்கம் ஒட்டியிருந்திருக்கும், சேத்துத் திருப்பியிருப்பன்னன். சிரிச்சானுங்க. செல்போனு தூக்கிட்டானுங்க. நான் திரும்பித் துளசியப் பாத்து, சொல்லு துளசி, நாலாம் பாகம் எத்தனாவது பக்கம்னு இந்தப் பையனுக்குச் சொல்லுன்னன்.

அவ பாப்கார்ன் பொட்டலத்துக்குள்ள பாத்துட்டு நிக்கறா.

சொல்லு துளசிங்கறன். அவ தலையே தூக்கல. முத்தாயக்கா என்ற சட்டையப் புடிச்சு இழுத்து, வா மயிலா போலாங்கறா. சுத்தி நாப்பது பேரு. நான் அந்தத் தேங்கா மூஞ்சிச் சட்டைய மாட்டிட்டு நடுவுல நிக்கறன். ஒரு வார்த்தை. நூத்தி எத்தனாவது பக்கம்னு ஒரு வார்த்தை. அது வர மாட்டேங்குது படிச்ச வாயில இருந்து.

மக்யா நாளு பாத்தா ஊரெல்லாம் என்ற வீடியோ. ஓடம் எங்கடா அக்கான்னு போட்டு. நீ பாத்திருப்ப. பாத்தயா? அதான் ஏறுனப்பவே ஒரு மாதிரியாப் பாத்த. அதெல்லாம் எனக்கு வலிக்கல அம்முணி. பேசற பொம்பளய நாலு பேரு சிரிக்கத்தான் செய்வாங்க. துளசி வேலைக்கே வல்ல, அதுதான். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, குண்டடத்துல அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டாளாமா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. இப்பிடி ஒருத்திகூட நின்னதே அசிங்கம்னு நெனச்சுட்டாளாட்டம் இருக்குது. படிச்சவளுக்கு அந்த வெக்கம் வரத்தான் செய்யும்.

நான் சும்மா விடல. என்ற தங்கச்சி புள்ளைய உட்டுக் கடைல அஞ்சு பாகமும் வாங்கியாரச் சொல்லி நாலாவதத் தேடச் சொன்னன். அவளும் இல்லைங்கறா. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. புதுசா அச்சடிச்சதுல வெட்டிப்போட்டானுங்க. பின்ன? ஒரு கூலிக்காரி ராசாவப் பாத்துக் கிரீடத்தக் கழட்டுங்கறா, அத எப்பிடி உட்டு வெப்பானுங்க. துளசிகிட்ட இருக்கறது பழைய புஸ்தகம். அதுல இருக்குது. ஓடக்காரி வந்தாள்னா துளசி பக்கமே திருப்ப மாட்டா, பாத்திருக்கறன். ஒரே பக்கத்த ஒரு மணி நேரம் படிப்பா. அத்தன பெரிய பக்கம். அத எப்பிடி ஒருத்தரு கண்ணுக்குத் தெரியாமப் போவும்?

அஞ்சாம் பாகம் முடிஞ்ச பொறவுங்கூட ஓடக்காரி மட்டும் வந்துட்டே இருந்தா. அது எப்பிடி துளசின்னு கேட்டன். கடைசில பொடி எழுத்துல போட்டிருக்கறாங்க மயிலா, அனுபந்தம்னு பேருன்னா. படம் வர்றதுக்கு முந்துன வாரம் படிச்சது என்னன்னா, நடு ஆத்துல துடுப்பு முறிஞ்சு போச்சு. ஓடத்துல ஓடக்காரியும் அவ சேத்தாளி ஒருத்தியும். நாலு பக்கமும் நெருப்பு. அங்க நிக்குது. ரெண்டு மாசமா அங்கயே நிக்குது அம்முணி, ஓடம்.

கீழ கெடக்குதல்ல பையி, அஞ்சு பாகமும் அதுலதான் இருக்குது. தூக்கிட்டு வர்றதுக்குள்ள தோளு போயிருச்சு. துளசி ஊட்டு வாசல்ல போயி, அஞ்சையும் முன்னால வெச்சு, உன்ற பழைய புஸ்தகத்தையும் எடுத்துட்டு வா, வெரலு வெச்சுப் பக்கத்தக் காட்டு, காட்டுனா நான் உன்ற காலைத் தொட்டுக் கும்புடறன், காட்டலீனா உன்ற மூஞ்சில முழிக்க மாட்டன்னு சொல்றதுக்குத்தான் போறன். மொதல்ல ஒரு தடவ உங்கிட்டக் கேட்டுக்கலாம்னு வந்து உக்காந்தன். நீ நாலாவது படிச்சிருக்கறயா? எல்லாம் படிச்சு முடிச்சு மறுக்காப் படிக்கறயா. அப்பச் சொல்லு. ஓடக்காரி இருக்கறாளா, இல்லையா?

என்ன, சன்னலப் பாக்கற. இங்க பாத்துச் சொல்லு.

என்னது?

இன்னொருக்காச் சொல்லு. பாத்தயா? ஓடக்காரிய நீ பாத்தயா? துடுப்பு, காலு, வாயி எல்லாம் நான் சொன்ன மாதிரியே இருந்துதா? அப்பிடியே இருந்துதா. அதுக்கு ஏன் அம்முணி கண்ணு கலங்குது. என்னைய ஏன் இப்பிடிப் பாக்கற, என்ற மூஞ்சிலயா பக்கம் எழுதியிருக்குது. நான்தான் சொன்னனல்ல. அந்தப் பதினோரு தடவக்காரன் இப்ப இங்க இருக்கோணும்.

எத்தனாவது பக்கம்?

ஞாபகமில்லையா. சரி, உடு. ஞாபகம் இல்லாட்டிப் போவுது.

கொடுவாய் தாண்டிருச்சா? அப்பவே தாண்டிருச்சா. பேசுனதுல தெரியல.

அப்பிடின்னா துளசி ஏன் வாயத் தொறக்கல? இருக்கறத இருக்குதுன்னு சொல்றதுக்கு என்ன. அவளுக்கும் பக்கம் ஞாபகம் இல்லாமப் போயிருக்குமோ. நாப்பது பேரு முன்னாடி வெச்சு, வெரலு நீட்டிக் கேட்டனே. அவளுக்குக் கூட்டம்னா வெடவெடன்னு வரும். எங்க ஆறு பேரத் தவுர யாரு முன்னாலயும் அவ படிச்சதே இல்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டன்.

இரு, எந்திரிக்கறன். கம்பிய இங்க புடிச்சுக்கறன். பைய எடுத்துக் குடு. அட, கனமா இருக்குதா, அதான் சொன்னன். நீ ஒண்ணும் எறக்க வேண்டாம், கண்டக்டரு இருக்கறாரு, ரெண்டு தடவ காலை மிதிக்கப் பாத்தவரு, அவரு எறக்குவாரு.

வெரலு வெச்சுக் காட்டுன்னெல்லாம் கேக்கப் போறதில்ல அம்முணி. இந்தப் பைல இருந்து கைக்கு வந்த பாகத்த எடுத்து அவ மடில விரிச்சு வெக்கறன். எந்தப் பாகமா இருந்தா என்ன, எந்தப் பக்கமா இருந்தா என்ன, அவ எப்பிடியும் திருப்ப மாட்டா. நடு ஆத்துல நிக்குது, படி துளசின்னு சொல்றன். துடுப்பு இல்லீனா கையப் போட்டாவது தள்ளுவாளுங்க ரெண்டு பேரும். சும்மா நிக்கற ஆளுங்களா.

வந்துருச்சு. ஏனுங் டிரைவரு, நல்லா நிறுத்துங்க, எனக்கு ஒண்ணரைக் காலுதான்.

அம்முணி, அதத் தலைல மாட்டிக்க இப்ப. நான் எறங்கிட்டன். இனி சாயாது.